அலமாரிக்குள் இருந்த ரத்தக் கணக்கு

எதையாவது பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குக் கை பரபரவென்று இருக்கும். இது நல்ல குணமா கெட்ட குணமா என்று நான் இதுவரை முடிவு செய்யவில்லை. பினாங்கில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத் துறையில் என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு. அந்த அம்மாவிடம் ஒரு தாளைக் காட்டினால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது போட்டோஸ்டாட் ஆகிச் சுவரில் ஒட்டியிருக்கும் என்பார்கள். சொல்பவர்கள் சொல்லட்டும். தொண்ணூறுகளில் எல்லாரும் தங்கள் ஆராய்ச்சித் தரவுகளை டிஸ்கெட்டில் ஏற்றி மேசை இழுப்பறையில் அடைத்தபோது, ஒவ்வொருவர் அறை வாசலிலும் போய் நின்று ஒரு பிரதியை வாங்கி நூலகத்தில் சேர்த்தவள் நான்தான். "ஆராய்ச்சி முடியட்டும், அப்புறம் தரேன்" என்றவர்களிடம் நான் பேசிய விதம் அவ்வளவு அழகாக இருந்திருக்காது. அவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது.

இது அதற்கும் முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில், பினாங்குப் பாலத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. நாங்கள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் குடியிருந்தோம். அண்ணன், அண்ணி, நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அவர் பள்ளிப் படிப்போடு நின்று, மாக் மண்டினில் ஒரு பேட்டரி பெக்டரியில் சேர்ந்தார். ஈயத்தை உருக்கித் தகடு வார்க்கும் பகுதியில் வேலை. நான் காலையில் பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, ஜார்ஜ் டவுனில் இறங்கி, மறுபடியும் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போவேன். ஃபெரியில் எல்லாரும் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருப்பேன். நான் நடந்தால் ஃபெரி சீக்கிரம் போய்ச் சேரும் என்ற நினைப்பு போலிருக்கிறது.

துறையில் எனக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை. எங்கள் பேராசிரியர் கரைப்பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈயம் ஒரேயடியாக ஆளை வீழ்த்தாது. தூசியாகப் பறந்து மூச்சிலும் சோற்றிலும் கலந்து, ரத்தத்தில் போய்த் தங்கிவிடும். வயிற்றைப் பிடுங்கும். மணிக்கட்டில் பலம் குறையும். வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து வயிற்றில் இருக்கும் பிள்ளை வரைக்கும் போகும். இதையெல்லாம் நான் துறையில் இருந்த புத்தகங்களில்தான் படித்தேன். படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அண்ணன் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருப்பார். அண்ணிக்கு அப்போது நான்காம் மாதம். அதற்கு முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பெக்டரிகளில் அண்ணனுடையதும் ஒன்று. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் குழு அங்கே போனது. கேன்டீனில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து ரத்தம் எடுத்தார். வரிசையில் நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய அட்டை; அதில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண்ணையே ரத்தக் குழாயிலும் ஒட்டுவார்கள். ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு பாக்கெட் சோயா பால். நான் வேறொரு அறையில் உட்கார்ந்து ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தமிழிலும் மலாயிலும் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன்: எத்தனை வருஷ வேலை, முகமூடி போடுவதுண்டா, சட்டையை எங்கே துவைக்கிறீர்கள். கேன்டீனில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் முழங்கை மடிப்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். வலிச்சுதா என்று அண்ணி கேட்டதற்கு, "எறும்பு கடிச்ச மாரி லா" என்றார். அட்டையை சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள் அண்ணி.

அதற்குப் பிறகு தொடங்கியது என் அலைச்சல். சோதனைக்கூடத்திலிருந்து முடிவுகள் வந்துவிட்டன என்று எனக்குத் தெரியும். கணினி மையத்துப் பெண்கள் அவற்றைக் காந்த நாடாவில் ஏற்றிவிட்டதும் தெரியும். ஒரே ஒரு அச்சுப் பிரதி பேராசிரியர் அறையிலிருந்த இரும்பு அலமாரிக்குள் இருந்தது. சாவி அவர் கால்சட்டைப் பையில். யார் அந்த அலமாரிப் பக்கம் போனாலும் அவர் கை தானாகப் பைக்குப் போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர்களின் குடும்பம் அவருடையது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான் என்றாலும் வீட்டுப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார். மனம் இளகினாலோ எரிச்சல் வந்தாலோ தமிழுக்கு வருவார்.

"டாக்டர், ரிசல்ட் வந்திருச்சே. அந்த ஆளுங்களுக்கு எப்ப சொல்லப் போறோம்?" என்று ஒருநாள் நேராகக் கேட்டேன்.

"கட்டுரை அச்சில வரட்டும். கொஞ்சம் பொறும்."

"அது எப்ப வரும்?"

"ஒரு வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம். அது எங்கட கையில இல்ல."

"அதுக்குள்ள புள்ள பொறந்து நடக்க ஆரம்பிச்சிரும், டாக்டர்."

யார் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. என் அண்ணன் அந்தப் பெக்டரியில் இருப்பது அவருக்குத் தெரியும். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. முன்பு ஒருமுறை நண்பர் என்று நம்பித் தரவுகளைக் காட்டியதில், அந்த மனிதர் முந்திக்கொண்டு தன் பெயரில் வெளியிட்டுவிட்டார். அந்தக் காயம் ஆறவில்லை. பெக்டரிக்காரர்களும் பெயர் எதுவும் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டிருந்தார்கள். அதோடு, எண்களைப் பார்த்துவிட்டு ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு பயப்படுவார்கள் என்ற கவலையும் அவருக்கு உண்டு. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். எல்லா நியாயத்தையும் கூட்டிப் பார்த்தால் அலமாரி பூட்டியே இருந்தது.

தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணி கேட்பாள். "என்னம்மா, ஒங்க டாக்டர் வாயத் தொறந்தாரா?"

"இல்லண்ணி."

"ஒங்கண்ணனுக்கு ஒன்னுமில்லன்னு ஒரு வார்த்த தெரிஞ்சா போதும். நான் நிம்மதியா பெத்துப் போட்டுருவேன்."

அண்ணன் மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார். "ஏன் லா இப்படிப் பறக்குறே? வரும்போது வரும்" என்று எனக்குச் சமாதானம் சொல்வார். எனக்கு ஆத்திரமாக வரும். என் ரத்தமா அவர் ரத்தமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவரோ வானொலியில் பாட்டு கேட்டுக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார். எத்தனை பெரிய மனசு, நம்மைக் கலங்க விடக்கூடாது என்று அடக்கிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பேராசிரியரை நான் விடவில்லை. பெக்டரியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு அவரிடம் போனேன். "பேரை வெளியிடக் கூடாதுன்னுதானே இதுல இருக்கு டாக்டர். நம்பரப் பத்தி ஒன்னுமே இல்லையே. நம்பரையும் அளவையும் மட்டும் ஒட்டிவிட்டா, அட்டை வச்சிருக்கவங்க தங்களோடதப் பாத்துக்குவாங்க. பக்கத்து ஆளுக்குக்கூடத் தெரியாது."

"நீர் வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். சிரிக்கவில்லை. சாவியையும் எடுக்கவில்லை.

கடைசியில் அலமாரியைத் திறக்க வைத்தது நான் இல்லை, எங்கள் ஊர் ஈரம்தான். ஒரு நீண்ட பண்டிகை விடுமுறையில் கணினி மையத்தைக் குளிர வைக்கும் ஏர்கோன் நின்றுபோனது. விடுமுறை முடிந்து வந்து நாடாவை மாட்டினால் இயந்திரம் படிக்க மறுத்தது. சுற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. மையத்துப் பெண்கள் துடைத்துப் பார்த்தார்கள், வேறு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் போனது போனதுதான். பேராசிரியர் தன் அறைக்கு வந்து அலமாரியைத் திறந்தார். அங்கேயிருந்த அச்சுப் பிரதியும் ஈரம் குடித்து, தாளோடு தாள் ஒட்டிக் கிடந்தது.

ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை நடுவில் விட்டு ஒவ்வொரு தாளாக அவர் பிரித்தார். நான் எதிரே நின்று, பிரித்த தாளை வாங்கி மேசையில் பரப்பினேன். அத்தனை பேரின் ரத்தமும் அந்த ஒரு கட்டுத் தாளில்தான் இருந்தது.

"இதை முதலிலேயே நூறு வீட்டுக்குக் குடுத்திருந்தா, நூறு பிரதி இருந்திருக்கும், டாக்டர்" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் என் வாய் அப்படி.

அவர் அடிக்கோலைத் துடைத்து இழுப்பறையில் வைத்தார். "ஸ்டென்சில் வெட்டும்" என்றார்.

எண், அதற்கு எதிரே அளவு, அவ்வளவுதான் பட்டியல். அதன் கீழே, எந்த அளவு வரை கவலையில்லை, எதற்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று விளக்கம் எழுதினோம். தமிழும் மலாயும் நான் எழுதினேன். சீனத்தில் எழுதிக் கொடுக்க நூலகத்தில் ஒருவர் கிடைத்தார். பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் கைப்பிடியை நானே சுற்றினேன். உருளையிலிருந்து ஒவ்வொரு தாளும் விழும்போது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. நூலகத்துக்கு ஒன்று, அரசாங்கக் கிளினிக்குக்கு ஒன்று, மாக் மண்டின் காப்பிக் கடைக்கு ஒன்று, பாகான் டாலாமில் முடிவெட்டும் கடைக்கு ஒன்று, கோயிலுக்குப் பக்கத்திலிருந்த மண்டபச் சுவருக்கு ஒன்று. அன்றே அண்ணனின் எண்ணை நானே பட்டியலில் தேடிப் பார்த்திருக்கலாம்தான். அட்டை எண் எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டென்சில் வெட்டியவர் வேறொரு பெண், நான் வேண்டுமென்றே தாளைத் திருப்பியே வைத்திருந்தேன். அண்ணிதான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒட்டினேன். ஆட்கள் அட்டையோடு வந்தார்கள். தொலைத்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்கள். அண்ணி சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த அட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். சுவரில் விரலை வைத்து எண்ணைத் தேடினாள். கண்டுபிடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அந்த அளவுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டும்.

மிகக் குறைவு. கவலைப்பட ஒன்றுமில்லாத அளவு.

நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி அழ ஆரம்பித்துவிட்டாள். மடியில் வைத்திருந்த திருநீற்றை எடுத்து அண்ணன் நெற்றியில் பூசினாள். பக்கத்துக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அண்ணன் மட்டும் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். ஆண்பிள்ளை, கூட்டத்தில் அழ வெட்கம் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அண்ணனின் கூட்டாளி வந்து சேர்ந்தார். அதே பெக்டரியில் ஸ்டோரில் வேலை. ஈயத்தின் பக்கமே போகாத வேலை. நல்ல ஆகிருதி. பொது ஆஸ்பத்திரிக்கு வழக்கமாக ரத்தம் கொடுப்பவர். கையை மடக்கி நரம்பைக் காட்டிப் பெருமை பேசுவார். தன் எண்ணைத் தேடிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கீழே விரலை ஓட்டி இன்னொரு எண்ணையும் பார்த்தார். இரண்டுக்கும் அளவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். வாய்விட்டுச் சிரித்தார்.

"டேய், இங்க பாரு. என் நம்பரும் ஒன் நம்பரும் ஒரே மாரி வந்திருக்கு. நல்ல மெஷின் லா இது. ஒரே ஆள் ரத்தம்னு கண்டுபிடிச்சிருச்சி."

அவருக்குப் பின்னால் அண்ணி உடைத்த தேங்காய் மூடிகளோடு நின்றிருந்தாள்.

வெளியாட்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். பெக்டரியில் ஒருவர் வருகைக் கார்டை இன்னொருவர் அடித்துவிடுவது தினமும் நடக்கிற காரியம். மழையில் பஸ் வராது, பிள்ளைக்குக் காய்ச்சல், பேதி. வர நேரமானால் கூட்டாளியிடம் சொல்லி வைப்பார்கள், அவர் வாசல் கடிகாரத்தில் தன் கார்டோடு இவர் கார்டையும் அடித்துவிடுவார். கேட்டு மறுப்பவனை யாரும் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். கேன்டீனில் வரிசை, கையில் எண் போட்ட அட்டை என்றதும் அவர்களுக்கு இதுவும் இன்னொரு கார்டாகத்தான் பட்டிருக்கிறது. அண்ணனுக்கு ஊசி என்றால் கால் நடுங்கும். அட்டையைக் கூட்டாளி கையில் கொடுத்தார். கூட்டாளி தன் முறை முடிந்து, ஒரு சோயா பால் குடித்து, வலது கைக்குப் பதில் இடது கையை நீட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் வந்தார். அவசரத்தில் இருந்த நர்ஸ் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பிளாஸ்டர் மட்டும் அண்ணன் தானே கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டது.

கூட்டாளி திரும்பி அண்ணியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப இவரு ரத்தம் எங்கண்ணே?" என்று அண்ணி கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

மூலையில் நின்ற ஒருவர், தானும் தன் கூட்டாளியைத் தனக்குப் பதிலாக ரத்தம் கொடுக்கச் சொன்னதாக முனகினார். ஒரு மலாய் இளைஞன் தன் நண்பனைப் பார்த்தான், நண்பன் கூரையைப் பார்த்தான். இத்தனை மாதம் நான் சண்டை போட்டுத் திறக்க வைத்த அலமாரிக்குள் இருந்தது இதுதானா? பட்டியலைக் கிழித்து எறியலாம் போலிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"ஊசின்னா பயம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"பொண்டாட்டி முன்னால எப்படி லா சொல்றது?" என்றார்.

இத்தனை நாள் அவர் அமைதியாக இருந்ததற்குக் காரணம் பெரிய மனசு இல்லை. வரப்போவது தன் ரத்தம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தான் கொடுக்காத ரத்தத்தின் முடிவு என்னவாக வந்தாலும் தனக்கென்ன என்று இருந்திருக்கிறார். பல நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஃபெரியில் நடக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. பேராசிரியரிடம் இதை எந்த வாயால் சொல்வது? அவருடைய கட்டுரை தட்டச்சாகி, வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்ப உறையில் போட்டுத் தயாராக இருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு அடிக்கும் வழக்கத்திலிருந்து அண்ணனின் பிளாஸ்டர் வரை.

"எத்தனை பேர்?" என்றார்.

"தெரியாது டாக்டர். ஒத்துக்கிட்டவங்க சில பேர். ஒத்துக்காதவங்களும் இருப்பாங்க."

அவர் உறையை எடுத்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். என் மேல் பாயப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"நான் பூட்டியே வச்சிருந்தா, இந்தப் பிழை என்ர பேரோட அச்சில வந்திருக்கும். ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. எனக்கும் தெரிஞ்சிராது" என்றார்.

இதைத்தானே நான் இத்தனை நாள் சொன்னேன் என்று வாய் வரை வந்தது. அந்த ஒருநாள் மட்டும் அடக்கிக்கொண்டேன்.

துறையில் ஒருவர் வேறு யோசனை சொன்னார்: சந்தேகப்பட்ட எண்களை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள். பேராசிரியர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொருக்கா எடுப்பம். பழைய பட்டியலைக் கழட்டாதேயும். பக்கத்தில எழுதி ஒட்டும், இது பிழை எண்டு. ஏன் பிழை எண்டும் எழுதும்." தன் தப்பை ஊர்ச் சுவரில் ஒட்டச் சொல்லும்போது அந்த மனிதர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பிறகுதான் யோசித்தேன். அப்போது எனக்கு, மறுபடியும் காத்திருக்க வேண்டுமே என்ற நினைப்பு ஒன்றுதான்.

பட்டியல் சுவருக்கு வந்ததில் பெக்டரிக்காரர்களுக்குக் கோபம். இரண்டாம் முறை உள்ளே விடவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் நர்ஸை வரவழைத்தோம். முதல் முறை வந்தவர்களில் எல்லாரும் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வந்தவர்களின் மனைவிமார்களுக்கும் ரத்தம் எடுக்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அண்ணி தன்னுடையதைக் கொடுத்துவிட்டு எழுந்து போகவில்லை. நிறைமாத வயிற்றோடு நர்ஸ் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்துத்தான் விட்டாள். அவளை அந்த வேலைக்கு யாரும் நியமிக்கவில்லை. ஆனால் பேராசிரியர் உள்பட ஒருவரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை.

அண்ணன் முறை வந்தபோது அவர் அடையாள அட்டையையும் அவள் கேட்டாள். கட்டின புருஷனின் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். மற்றக் கையைக் கூட்டாளி பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியபோது அண்ணன் போட்ட சத்தத்தில், நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அண்ணி மட்டும் குழாயில் ஏறுகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை முடிவுகள் அலமாரிக்குப் போகவில்லை. வந்ததும் ஸ்டென்சில் வெட்டினோம். பட்டியலை எடுத்துக்கொண்டு பேராசிரியரே என்னோடு ஃபெரியில் வந்தார். நான் நடந்தேன், அவரும் பின்னால் நடந்தார். மண்டபச் சுவரில் பசை தடவி அவர் கையாலேயே ஒட்டினார்.

அண்ணியின் எண்ணை முதலில் பார்த்தேன். அவளுக்குப் பயமில்லை, பிள்ளைக்கும் பயமில்லை என்று பேராசிரியர் அளவைப் பார்த்துச் சொன்னார். அண்ணி தலையாட்டினாள். அவள் விரல் ஏற்கனவே கீழே போயிருந்தது. அண்ணனின் எண் எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அளவுகளிலேயே பெரியதைத் தேடினால் போதும். தகடு வார்க்கும் பகுதியில் இருந்த மற்றவர்களும் அதற்குக் கொஞ்சம் கீழேதான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நானே என் கையால் தமிழில் எழுதிய வரியை அண்ணிக்குக் காட்டினேன். அவளே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டாள்.

கூட்டத்தில், அண்ணனோடு அதே பகுதியில் வேலை செய்கிற ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "இதுவும் யார் ரத்தமோ லா. போன தடவ மாரிதான் இருக்கும். இத நம்பி எவன் வேலைய விடுவான்?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் அப்படி நம்பத்தான் ஆசை என்பது முகத்தில் தெரிந்தது. ஒருவர் அட்டையைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அண்ணன் என்னிடம் வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். சுவருக்குப் போய்த் தன் எண்ணுக்கு எதிரே எழுத ஆரம்பித்தார்.

பேராசிரியர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "பேர் போடக் கூடாது தம்பி. நான் வாக்குக் குடுத்திருக்கிறன்."

"நீங்கதான் டாக்டர் வாக்குக் குடுத்தீங்க" என்றார் அண்ணன். "இது என் பேரு. நான் போடுறேன்."

முதலில் தமிழில் எழுதினார். பிறகு, மேனேஜரும் படிக்கட்டும் என்று அதன் பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் எழுதினார். மணிக்கட்டு ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுத்துகள் கோணிக்கொண்டு இறங்கி, கடைசி எழுத்து அடுத்தவர் எண்ணின் மேல் போய் விழுந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் வந்தார்.